ஹெட்ஃபோன் ஒப்பீடு: ஒலி, சௌகரியம், ஆம்ப் – என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

என் மேசையில் எப்போதும் நான்கு ஹெட்ஃபோன்கள் இருக்கும். சென்ஹைசர் எச்டி 650, ஏகேஜி கே702, பையர்டைனமிக் டிடி 770 புரோ (80 ஓம் மாடல்), அப்புறம் நண்பர் ஒருவர் "கொஞ்ச நாள் வைத்துக் கேட்டுப் பார்" என்று விட்டுப்போன ஹைஃபைமேன் எச்இ-6. வீட்டுக்கு வருகிறவர்கள் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து, ஐந்தே நிமிடத்தில் ஒன்றைக் கையில் எடுத்து "இதுதான் பெஸ்ட்" என்பார்கள். அந்த நேரத்தில் எது கூடுதல் சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்ததோ, பெரும்பாலும் அதுதான் அவர்கள் கையில் இருக்கும். அதற்குப் பிறகு வரும் சந்தேகங்களும் ஏறக்குறைய ஒன்றே. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் கீழே வைத்திருக்கிறேன்.

1. ஓபன், க்ளோஸ்டுன்னு சொல்றாங்களே, அது என்ன?

காதை மூடும் கிண்ணத்தின் பின்பக்கம் அடைத்திருந்தால் க்ளோஸ்டு. அங்கே வலை போல் திறந்திருந்தால் ஓபன். முதல் ஓபன் ஹெட்ஃபோன் என்று சொல்லப்படும் சென்ஹைசர் எச்டி 414 வந்தது 1968-இல். என்னிடம் இருப்பதில் டிடி 770 மட்டும் க்ளோஸ்டு, மற்ற மூன்றும் ஓபன். ஓபன் வகையில் பாட்டு தலைக்குள் அடைபட்டது போல் இருக்காது, காற்றோட்டமும் உண்டு. ஆனால் நீங்கள் கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும், வெளிச் சத்தமும் உள்ளே வரும்.

நம் வீடுகளில் முக்கியமான வெளிச் சத்தம் சீலிங் ஃபேன். ஐந்தில் சுற்றும் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து ஓபன் ஹெட்ஃபோனில் தம்புராவின் மெல்லிய ரீங்காரத்தைக் கேட்க முடியாது. ஃபேன் இல்லாமல் இருக்க முடியாத அறை என்றால் க்ளோஸ்டு வாங்குங்கள். ஒப்பிட்டுப் பார்க்கும்போதாவது ஃபேனை நிறுத்திவிடுங்கள்.

2. ஓம் அதிகமா இருந்தா நல்ல ஹெட்ஃபோனா?

இல்லை. ஓம் என்பது ஹெட்ஃபோனுக்குள் இருக்கும் கம்பிச் சுருள் மின்சாரத்துக்குக் காட்டும் எதிர்ப்பின் அளவு, அவ்வளவுதான். தரத்துக்கான மதிப்பெண் கிடையாது. நான் மேலே சொன்ன எச்டி 414-இன் அளவு 2000 ஓம். அன்றைய கருவிகள் அதிக வோல்ட் கொடுக்கும், குறைந்த மின்னோட்டம் கொடுக்கும். அதற்குப் பொருத்தமாக ஹெட்ஃபோனையும் செய்தார்கள். 1979-இல் வாக்மேன் வந்தது. சின்ன பேட்டரியில் வோல்ட் குறைவு, எனவே ஓமும் குறைய வேண்டியிருந்தது. இன்றைய போன் ஹெட்ஃபோன்கள் 16, 32 ஓம் அளவில் நிற்பதற்கும் காரணம் அதுதான்.

டிடி 770 புரோ 32, 80, 250 என்று பல ஓம்களில் விற்கப்படுகிறது. அதிக ஓம் மாடலின் சுருளில் கம்பி மெல்லியது, அதனால் சின்ன வேறுபாடு உண்டு. ஆனால் "250 ஓம்தான் அசல், மற்றது டூப்பு" என்ற பேச்சை நம்பி, போனில் மட்டும் பாட்டுக் கேட்கிறவர் 250 வாங்கினால் சத்தம் போதாமல் தவிப்பார்.

3. அப்போ "டிரைவ் பண்ணக் கஷ்டம்"னு எதை வெச்சுச் சொல்றாங்க?

டிரைவ் பண்ணுவது என்றால் போதுமான சத்தத்தில் பாடவைப்பது. அதற்கு இரண்டு எண்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்: ஓம், சென்சிட்டிவிட்டி. குறிப்பிட்ட அளவு மின்சாரம் கொடுத்தால் எத்தனை டெசிபெல் சத்தம் வரும் என்பதே சென்சிட்டிவிட்டி. இதைச் சில நிறுவனங்கள் 1 மில்லிவாட்டுக்குச் சொல்லும், சில 1 வோல்ட்டுக்குச் சொல்லும். இரண்டையும் கலந்து ஒப்பிட்டுத்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

என் நான்கையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தவில் அடி காதில் 110 டெசிபெல் உச்சத்தைத் தொட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எச்டி 650 (300 ஓம், 1 வோல்ட்டுக்கு 103 டெசிபெல்) சுமார் 2.2 வோல்ட் கேட்கும், ஆனால் சாப்பிடுவது 17 மில்லிவாட்தான். கே702 (62 ஓம், 1 வோல்ட்டுக்கு 105) 1.8 வோல்ட்டில் முடித்துவிடும், ஆனால் 51 மில்லிவாட் வாங்கிக்கொள்ளும். டிடி 770-க்கு (80 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 96) 1.4 வோல்ட், 25 மில்லிவாட்.

எச்இ-6 கதையே வேறு. அது 50 ஓம்தான், ஆனால் 1 மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபெல் மட்டுமே தரும். அதே உச்சத்துக்கு 4.7 வோல்ட், கிட்டத்தட்ட 450 மில்லிவாட் வேண்டும். அதாவது 300 ஓம் எச்டி 650-ஐவிட 50 ஓம் எச்இ-6-க்கு 27 மடங்கு சக்தி. ஓமை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

4. என் போன்லயே ஓடுமா, ஆம்ப் வாங்கியே ஆகணுமா?

ஆம்ப் என்பது ஹெட்ஃபோனுக்குப் போகும் ஒலி மின்சாரத்தைப் பெரிதாக்கும் கருவி. ஹெட்ஃபோன் கம்பியை இணைக்கப் போனில் செருகும் சின்ன டாங்கிள்கள் பல 1 வோல்ட் வரை கொடுக்கும். ஆப்பிளின் டாங்கிளும் அப்படித்தான், ஐரோப்பாவில் விற்பது மட்டும் 0.5 வோல்ட். 1 வோல்ட்டில் எச்டி 650-இன் உச்சம் 103 டெசிபெல். இன்றைய சினிமாப் பாட்டுகள் சத்தமாகவே பதிவு செய்யப்படுகின்றன. அவற்றுக்கு இது போதும், தேவைக்கு மேலேயே இருக்கும். பழைய கச்சேரி ஒலிப்பதிவுகள் வேறு மாதிரி. பாட்டின் சத்தம் சன்னமாக இருக்கும், தனி ஆவர்த்தனம் மட்டும் எகிறும். அதற்கு வால்யூமை முழுதாகத் திருப்பியும் இன்னும் கொஞ்சம் இருந்தால் தேவலை என்று தோன்றும்.

என் யோசனை இது: முதலில் ஹெட்ஃபோனை வாங்கி, இருக்கும் கருவியில் ஒரு மாதம் கேளுங்கள். வால்யூம் முக்கால்வாசியிலேயே போதுமென்றால் ஆம்பில் போடும் பணம் வீண். எச்இ-6 போன்றவற்றுக்கு மட்டும் ஆம்ப் விலையையும் முதல் நாளே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

5. அண்ணா, கடையில அஞ்சு நிமிஷம் கேட்டுட்டு வாங்கிடலாமா?

வேண்டாம் தம்பி. கடைச் சத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரே வால்யூமில் வைத்து இரண்டு ஹெட்ஃபோன்களை மாற்றி மாட்டினால், மூன்றாம் கேள்வியில் பார்த்தபடி இரண்டும் வெவ்வேறு சத்தத்தில்தான் பாடும். ஒரு டெசிபெல் கூடினால்கூட நம் காது அதைச் "சத்தம் கூடியிருக்கிறது" என்று எடுத்துக்கொள்ளாது. "தெளிவாக இருக்கிறது, பேஸ் நன்றாக இருக்கிறது" என்றுதான் எடுத்துக்கொள்ளும். சத்தம் கூடும்போது பேஸும் (கனத்த அடி ஒலி) ட்ரெபிளும் (கூர்மையான மேல் ஒலி) நமக்குக் கூடுதலாகக் கேட்பது காதின் இயல்பு. ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-இலேயே இதை அளந்து வெளியிட்டார்கள்.

ஆகவே முதல் வேலை சத்தத்தைச் சமப்படுத்துவது. இரண்டு ஹெட்ஃபோன்கள் என்றால் பிங்க் நாய்ஸ் என்ற இரைச்சலை ஓடவிட்டு, மாற்றி மாற்றி மாட்டி, இரண்டும் ஒரே சத்தமாகத் தோன்றும் வரை வால்யூமைத் திருத்தி, அந்த இரண்டு நிலைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். துல்லியமாக வராது, ஆனாலும் போதும். ஒரே ஹெட்ஃபோனில் இரண்டு ஆம்ப்களை ஒப்பிடுகிறீர்கள் என்றால் காதை நம்பவே வேண்டாம். 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஹெட்ஃபோன் செருகியிருக்கும்போதே மல்டிமீட்டரில் ஏசி வோல்ட் பார்த்து இரண்டையும் ஒன்றாக்குங்கள். இப்படிச் செய்த அன்று, எனக்கு இரண்டு வருடமாகப் "பளிச்சென்று" கேட்ட ஒரு ஆம்புக்கும் பழைய டாங்கிளுக்கும் இருந்த வித்தியாசம் காணாமல் போனது.

6. எந்தப் பாட்டை வெச்சுக் கேட்டுப் பார்க்கணும்?

உங்களுக்குப் பத்து வருடமாகத் தெரிந்த பாட்டு. டெமோவுக்கென்றே செய்த ஒலிப்பதிவுகள் எல்லா ஹெட்ஃபோனிலும் நன்றாகத்தான் கேட்கும்.

எனக்கு மிருதங்கம்தான் உரைகல். இடது பக்கத் தொப்பியில் ரவைப் பசை அப்பியிருப்பார்கள், அதனால்தான் அந்த அடிநாதம். கையை அழுத்தி இழுக்கும் கும்கியில் ஒலி வளைந்து மேலேறும். டிடி 770-இல் அந்தக் கும்கி நெஞ்சில் இறங்கும், சில சமயம் பாடகர் குரல் மேலும் படியும். கே702-இல் வளைவு முழுதாகத் தெரியும், ஆனால் கனம் குறைவு. எச்டி 650-இல் கனம் இருக்கும், மிக ஆழத்தில் மட்டும் கொஞ்சம் தேயும். எச்இ-6-இல் ஆழமும் வளைவும் சேர்ந்தே வரும். அதற்குப் போதுமான ஆம்ப் இருந்தால்தான்.

அடுத்தது குரல். 'ச', 'ஸ' வரும் இடங்களைக் கவனியுங்கள். டிடி 770-இல் 8000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு உண்டு. அந்த எழுத்துகள் ஊசி போல் குத்தினால் அதுதான் காரணம். நாதஸ்வரம் கேட்கும்போதும் அதே இடம் உறுத்தும். எச்டி 650 இந்த இடத்தில் சாந்தமானது, குரலுக்கு அதைவிட இதமான ஒன்றை நான் கேட்டதில்லை. கடைசியாகத் தம்புரா. தந்திகளைத் தாங்கும் குதிரைமேல் வைக்கும் நூலால்தான் அந்த ரீங்காரம் பிறக்கிறது. அந்த மேல்நாதங்கள் தனித்தனியாக மின்னுகின்றனவா, மொத்தமாக 'ம்ம்' என்று கேட்கிறதா என்று பாருங்கள்.

7. நாலுல எது பெஸ்ட்? ஒரே வரியில சொல்லுங்க.

குரலுக்கும் நீண்ட நேரத்துக்கும் எச்டி 650. வாத்தியங்கள் மேடையில் பரந்து உட்கார்ந்திருப்பது போல் கேட்க கே702. சத்தமுள்ள வீட்டுக்கும், தூங்குகிறவர் பக்கத்தில் இருந்தாலும் டிடி 770. எச்இ-6 மிருதங்கத்தில் என்னை அசத்தியது, ஆனால் எட்டாம் கேள்வியைப் படித்துவிட்டு ஆசைப்படுங்கள்.

8. ஒரு மணி நேரத்துலயே தலை வலிக்குது. போகப்போகப் பழகிடுமா?

வலி எங்கே என்பதைப் பொறுத்தது. கன்னத்துக்கு மேலே, தாடை மூட்டுப் பக்கம் அழுத்தினால் அது பிடிப்பு. எச்டி 650 புதிதில் நன்றாக இறுக்கும். அது வந்த பெட்டியிலேயே, அல்லது தலையைவிடச் சற்று அகலமாக அடுக்கிய புத்தகங்களில், நான்கைந்து இரவு மாட்டி வையுங்கள், தளரும். அதிகம் தளர்த்தினால் பேட் (கிண்ணத்தின் விளிம்பு மெத்தை) காதைச் சுற்றி ஒட்டாமல் ஒலியும் மாறிவிடும், நிதானமாகச் செய்யுங்கள்.

உச்சந்தலை வலித்தால் அது எடையாகவோ பட்டையாகவோ இருக்கும். எச்டி 650 260 கிராம், டிடி 770 270, கே702 235. நான்கில் மிக லேசானது கே702. ஆனால் அதன் தோல் பட்டையின் உட்புறம் மேடு மேடாக இருக்கும். வழுக்கை விழுந்தவர்கள் என்னிடம் முதலில் புகார் சொல்வது அதைத்தான். மெத்தென்ற துணி உறை ஒன்றைச் சுற்றினால் தீர்ந்துவிடும். எச்இ-6 அரைக் கிலோ, 502 கிராம். நாற்பது நிமிடத்தில் என் கழுத்து சொல்லிவிடும். இதெல்லாம் பழகாது. காது மடல் உள்ளே துணியில் உரசினால் அதுவும் பழகாது.

முன்பு ஒரு முறை ஒலிக்காக மட்டுமே ஒரு கனமான ஹெட்ஃபோன் வாங்கினேன். மூன்று மாதத்தில் அதை எடுப்பதையே விட்டுவிட்டேன், பாதி விலைக்குக் கொடுத்தேன். அதிலிருந்து எந்த ஹெட்ஃபோன் கைக்கு வந்தாலும் முதலில் பாட்டே இல்லாமல் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டு புத்தகம் படிப்பேன். பாட்டு ஓடினால் வலியை மறந்துவிடுவோம், இல்லாவிட்டால் மறக்க முடியாது.

9. கண்ணாடி போட்டிருக்கேன். என் நண்பனுக்குக் கேக்கிற பேஸ் எனக்கு வரமாட்டேங்குது.

உங்கள் காதில் குறையில்லை. கண்ணாடிக் காம்பு பேடைத் தூக்கி ஒரு சிறு இடைவெளி விடுகிறது. க்ளோஸ்டு ஹெட்ஃபோனில் ஆழமான பேஸ் அந்த வழியே ஓடிவிடும். கண்ணாடியைக் கழற்றி அதே இடத்தைக் கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். மெல்லிய கம்பிக் காம்பு, மென்மையான துணிப் பேட் இரண்டும் உதவும். ஓபன் வகையில் இந்தத் தொல்லை குறைவு.

10. வேர்க்குதுன்னு பேடை மாத்தினேன், சவுண்டே மாறிடுச்சு. ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்றவில்லை. பேட் வெறும் மெத்தை இல்லை, அது ஒலியின் பாகம். அதன் உயரம், உள்வட்டம், துணியா தோலா, எவ்வளவு காற்று போகும் என்பதெல்லாம் ஒலியை மாற்றும். தோல் பேட் நம் ஊர் வெயிலில் கசகசக்கும், வியர்வையில் சில வருடத்தில் உரிந்தும் விடும். வெல்வெட் போன்ற துணிப் பேட் தேவலை. டிடி 770-இல் அதுவே வருகிறது. நிறுவனத்தின் அசல் பேடையே மாற்றாக வாங்குங்கள். பழைய பேட் தட்டையாகிப் போனாலும் ஒலி மாறும், ஆகவே ஐந்து வருடப் பழைய ஹெட்ஃபோனைப் புதியதோடு ஒப்பிடும் முன் பேடைப் பாருங்கள்.

11. புதுசா வாங்கினதை நூறு மணி நேரம் ஓடவிட்டுத்தான் கேக்கணுமாமே?

தேவையில்லை. பேட் தலைக்குப் பழகிப் படிவது உண்மை, உங்கள் காது அந்த ஒலிக்குப் பழகுவதும் உண்மை. ஆள் இல்லாத அறையில் அலமாரிக்குள் நூறு மணி நேரம் பாடவிடுவதால் இந்த இரண்டும் நடக்காது. மாட்டிக்கொண்டு கேளுங்கள்.

12. ப்ளூடூத் ஹெட்ஃபோனுக்கும் ஆம்ப் வேணுமா?

வேண்டாம். ஆம்ப் அதற்குள்ளேயே இருக்கிறது, ஓம் கணக்கெல்லாம் நிறுவனமே பார்த்துவிட்டது. பேட்டரி தேய்ந்தால் மாற்ற முடியுமா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். நல்ல கம்பி ஹெட்ஃபோன் இருபது வருடம் வரும்.

13. ஈக்வலைசர் போட்டா கம்மி விலை ஹெட்ஃபோனையே எச்டி 650 மாதிரி ஆக்கிடலாமா?

பேஸ், ட்ரெபிள் என்று ஒலியின் பகுதிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் வசதிதான் ஈக்வலைசர். ஓரளவு முடியும், நான் வெட்கப்படாமல் அதைப் போடுகிறவன். கம்ப்யூட்டரில் ஈக்வலைசர் ஏபிஓ, ஆண்ட்ராய்டில் வேவ்லெட், இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. டிடி 770-இன் 8000 ஹெர்ட்ஸ் மேட்டை நான்கு டெசிபெல் குறைத்தாலே ஆறாம் கேள்வியில் சொன்ன ஊசி மழுங்கிவிடும். ஆனால் எடை, பிடிப்பு, வியர்வை எதையும் ஈக்வலைசர் தொடாது.

ஒரு எச்சரிக்கை. பேஸை 6 டெசிபெல் ஏற்றினால் மொத்த வால்யூமை முதலில் 6 டெசிபெல் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒலி கிழியும். இறக்கியதை ஈடுகட்ட ஆம்ப் இரண்டு மடங்கு வோல்ட் கொடுக்க வேண்டும். நான்காம் கேள்வியில் "டாங்கிளே போதும்" என்று தேறிய ஹெட்ஃபோன் இங்கே தேறாமல் போகலாம்.

14. பேலன்ஸ்டு கேபிள் போட்டா சவுண்டு நல்லா இருக்குமா?

இடது, வலது காதுக்குத் தனித்தனியாக இரண்டிரண்டு கம்பிகள் போகும் இணைப்பே பேலன்ஸ்டு. அந்த வழியில் பல ஆம்ப்கள் இரண்டு மடங்கு வோல்ட் கொடுக்கும், அதாவது 6 டெசிபெல் கூடுதல். எச்இ-6-க்கு அது உண்மையான உதவி. டிடி 770-க்கு அந்த வழியே கிடையாது, அதன் கேபிள் நிலையானது. மற்றபடி செருகியதும் "திறந்துகொண்டது" போல் கேட்டால், சத்தத்தைச் சமப்படுத்திவிட்டு மறுபடி கேளுங்கள் (ஐந்தாம் கேள்வி).

15. பெரிய ஆம்ப் வாங்கினேன். இயர்போன் செருகினா 'உஸ்'னு ஒரு சத்தம். ஆம்ப் கெட்டுப்போச்சா?

கெடவில்லை. காதுக்குள் செருகும் இயர்போன்களின் சென்சிட்டிவிட்டி மிக அதிகம். எச்இ-6-ஐப் பாடவைக்கும் ஆம்பில் எப்போதும் இருக்கும் சின்ன இரைச்சலைக்கூட அவை கேட்கவைத்துவிடும். ஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் கெயின் சுவிட்ச் இருந்தால் லோவில் வையுங்கள். அப்படியும் கேட்டால் இயர்போனுக்குப் பழைய டாங்கிளே சரி.

16. எவ்வளவு சத்தம் வரைக்கும் காதுக்கு ஆபத்தில்லை?

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல். 3 டெசிபெல் கூடினால் நேரம் பாதியாகும். 83-க்கு 20 மணி, 86-க்கு 10, 89-க்கு 5. மூன்றாம் கேள்வியில் நான் சொன்ன 110 என்பது ஒரு அடியின் நொடிநேர உச்சம். அதைத் தொடர்ந்து கேட்கும் அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காதில் 'ஙொய்' என்று கேட்கத் தொடங்கினால் அன்று கழற்றி வைத்துவிடுங்கள்.

17. அப்பாவோட பழைய ரிசீவர்ல எச்டி 650 செருகினா பேஸ் கும்முனு இருக்கு. புது ஆம்புல மெலிஞ்சு போச்சு. சத்தமெல்லாம் சமமா வெச்சுத்தான் பார்த்தேன். எது சரி?

நீங்கள் கேட்டது உண்மையான வித்தியாசம். ஸ்பீக்கர்களைப் பாடவைக்கும் ஸ்டீரியோ பெட்டிதான் ரிசீவர். பழைய ரிசீவர்கள் பலவற்றில் ஹெட்ஃபோனுக்குத் தனி ஆம்ப் கிடையாது. ஸ்பீக்கருக்குப் போகும் மின்சாரத்தையே சில நூறு ஓம் தடை வைத்துக் குறைத்து அனுப்புவார்கள். எச்டி 650-ஐ 300 ஓம் என்று சொன்னாலும் எல்லா ஒலிக்கும் 300 இல்லை. 100 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே அது 500 ஓமை நெருங்கும். வழியில் 330 ஓம் தடை ஒன்று உட்கார்ந்திருந்தால், எதிர்ப்பு கூடும் அந்த இடத்தில் ஹெட்ஃபோனுக்கு வோல்ட்டில் பெரிய பங்கு கிடைக்கும். கணக்குப் போட்டால் அந்தப் பேஸ் சுமார் 2 டெசிபெல் உயரும். புது ஆம்பில் அந்தத் தடை ஒரு ஓமுக்கும் குறைவாக இருக்கும், உயர்வும் இருக்காது.

ஹெட்ஃபோனின் சொந்த ஒலி புது ஆம்பில் வருவதுதான். ஆனால் அப்பாவின் ரிசீவரில் மிருதங்கம் உங்களுக்குப் பிடித்திருந்தால் அதிலேயே கேளுங்கள், எதுவும் பாழாகாது. அல்லது புது ஆம்பில் 90 ஹெர்ட்ஸ் பக்கம் 2 டெசிபெல் ஏற்றிப் பாருங்கள், ஏறக்குறைய அதே கும் வரும். எச்இ-6-ஐ ரிசீவரில் செருகி இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அதன் எதிர்ப்பு எல்லா ஒலிக்கும் ஏறக்குறைய ஒன்றே. பேஸ் கூடாது, சத்தம்தான் குறையும்.